நாகர்கோவிலில் கடை போட, கடன் வாங்க, வேலை தேட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசேரியில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கடை, கடன், லைசென்ஸ் என்று கேட்டு வருகிறார்கள். மீதிப் பேர் வேலை தேடுகிறவர்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒருவருக்குச் சொன்னதை அடுத்தவருக்கும் முழுசாகச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். முடிந்தால் முதலிலிருந்து படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும்.

அண்ணே, கடை போட மாநகராட்சி பணம் தருமா?

நேரடியாகத் தராது. நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. அதன் பிறகும் அதன் கையில் இருப்பவை இரண்டுதான்: இடம், காகிதம். சந்தையில், பேருந்து நிலையத்தில் கடை, ரோட்டோரத்தில் வியாபாரம் செய்ய அனுமதி, தொழில் உரிமம், நீங்கள் இந்த ஊரில் இந்தத் தொழில் செய்கிறவர் என்று சொல்லும் சான்று. இவை அங்கே கிடைக்கும்.

பணம் வருவது வங்கியிலிருந்து. அந்தக் கடனுக்கு மானியம் சேர்த்துக் கொடுப்பது மாவட்டத் தொழில் மையம். வேலைக்குப் பதிவதும் பயிற்சியும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில். தொழில் மையமும் வேலைவாய்ப்பு அலுவலகமும் கோணம் என்ற இடத்தில்தான் இருக்கின்றன, ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். எந்த வாசலுக்கு எதற்குப் போக வேண்டும் என்று தெரியாமல் அலைகிறவர்கள்தான் கடைசியில் புரோக்கரிடம் போய்ச் சேருகிறார்கள். இந்தப் பக்கத்தை எழுத அதுதான் முக்கியக் காரணம்.

நாங்க இருக்கது பேரூராட்சி. எங்களுக்கு எந்த ஆபீஸு?

நம் மாவட்டத்தில் இது நியாயமான குழப்பம். பஸ்ஸில் பத்து நிமிஷம் போவதற்குள் மாநகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி மூன்றையும் தாண்டிவிடுவோம், வீடுகள் இடைவெளி இல்லாமல் தொடர்ந்துகொண்டே இருக்கும். கணக்கு எளிது. உங்கள் கடை இருக்கும் கட்டடத்துக்குச் சொத்து வரி எங்கே கட்டுகிறார்களோ, அதுதான் உங்கள் உள்ளாட்சி. வரி ரசீதின் தலைப்பைப் பாருங்கள். குளச்சல், பத்மநாபபுரம், குழித்துறை, கொல்லங்கோடு நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் இங்கே சொல்வது ஏறக்குறைய அப்படியே பொருந்தும். பேரூராட்சியில் ஆணையருக்குப் பதில் செயல் அலுவலர் இருப்பார், அவ்வளவுதான்.

இதோடு சேர்த்துக் கேட்கப்படும் இன்னொன்று: நூறு நாள் வேலை. அது ஊராட்சிப் பகுதிக்கான திட்டம். பேரூராட்சியில் தென்னந்தோப்பும் வயலுமாக இருந்தாலும் சட்டப்படி அது நகர்ப்புறம், அந்த வேலை கிடைக்காது. பக்கத்து ஊராட்சியில் அக்காள் தங்கை வேலைக்குப் போகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டு வரும் பெண்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருக்கும்.

தள்ளுவண்டிக்கும் லைசென்ஸ் வேணுமா?

தள்ளுவண்டி, தட்டுக்கடை, தலைச்சுமையாக மீன் விற்பது, சந்தை வாசலில் சாக்கு விரித்துக் கிழங்கு விற்பது எல்லாம் தெருவோர வியாபாரம். இதற்கு 2014-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அந்தச் சட்டப்படி உள்ளாட்சி கணக்கெடுப்பு நடத்தி, வியாபாரிகளைப் பதிந்து, விற்பனைச் சான்றிதழும் போட்டோ போட்ட அடையாள அட்டையும் தர வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது கணக்கெடுப்பு நடக்க வேண்டும்.

எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்று முடிவு செய்ய நகர விற்பனைக் குழு ஒன்று உண்டு. ஆணையர் தலைவர். உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் பகுதியில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இடம் மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சு வரும்போது முதலில் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

ஸ்வநிதி லோன்ங்காவ, அது எவ்வளவு கிடைக்கும்?

பிஎம் ஸ்வநிதி 2020 ஜூனில், கொரோனா சமயத்தில், தெருவோர வியாபாரிகளுக்காக வந்த திட்டம். ஆரம்பத்தில் முதல் கடன் 10,000 ரூபாய். 2025-இல் திருத்தினார்கள். இப்போது முதல் கடன் 15,000 வரை, அதைக் கட்டி முடித்தால் 25,000 வரை, அதையும் முடித்தால் 50,000 வரை. 2030 மார்ச் 31 வரை திட்டம் உண்டு. அடமானம் கிடையாது. தவணை தவறாமல் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் திரும்ப உங்கள் கணக்குக்கே வரும். க்யூஆர் அட்டை வைத்துப் பணம் வாங்கினால் அதற்கும் சின்னத் தொகை ஊக்கமாகக் கிடைக்கும்.

வட்டிக்காரரிடம் காலையில் வாங்கி ராத்திரி திருப்பிக் கொடுக்கிற பழக்கம் சந்தையில் இன்னும் இருக்கிறது. அப்படி வாங்குகிறவர்களுக்கு இந்த 15,000 பெரிய தொகை. முதல் கடனைச் சரியாகக் கட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது, அடுத்த படி தானாகத் திறக்கும்.

எல்லாம் கொடுத்தாச்சு, ஆனா விண்ணப்பம் ஏறவே மாட்டேங்குது. ஏன்?

பத்தில் எட்டு பேருக்கு ஆதார்தான் காரணம். கிழங்கு விற்கிற ஒரு அக்கா வந்தார். ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து, வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயரின் முதலெழுத்து. சரி, அதைக்கூடச் சரிசெய்துவிடலாம் என்று பார்த்தால், ஆதாரோடு இணைத்திருந்த செல்போன் நம்பர் மகனுடையது. மகன் துபாயில். ஓடிபி அங்கே போகிறது, அவன் வேலை நேரத்தில் போனை எடுப்பதில்லை. நம் மாவட்டத்தில் இந்தக் கதை வீட்டுக்கு வீடு உண்டு.

அதனால் எந்தக் கடனுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது: ஆதார் மையத்துக்குப் போய் உங்கள் கையில் இருக்கிற நம்பரை இணையுங்கள். பெயரும் முதலெழுத்தும் ஆதார், வங்கி, ரேஷன் கார்டு மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். அப்புறம் வாருங்கள், விண்ணப்பம் கால் மணி நேர வேலை.

சர்வே எடுக்க வந்த அன்னைக்கு நான் பிள்ளைக்கு சுகமில்லன்னு ஆஸ்பத்திரியில இருந்தேன். என் பேரு விட்டுப்போச்சே?

விட்டுப்போனவர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். இவர் இங்கே வியாபாரம் செய்கிறவர்தான் என்று உள்ளாட்சி ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுத்தால், அதை வைத்து ஸ்வநிதிக்கு விண்ணப்பிக்கலாம். கடிதம் கேட்டு மனு கொடுக்கும்போது வெறும் கையோடு போகாதீர்கள். கடையில் நின்று எடுத்த போட்டோ, சந்தையில் தினசரி கட்டும் வாடகைச் சீட்டு, வியாபாரிகள் சங்க அட்டை, சரக்கு எடுத்த பில், எது இருந்தாலும் உதவும். அந்தத் தினசரிச் சீட்டைக் கசக்கி எறிகிறவர்கள் ரொம்பப் பேர். ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

வண்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாவ. இப்ப என்ன செய்ய?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை ஏற்கெனவே வியாபாரம் செய்கிறவரை அகற்றக் கூடாது. அகற்றவோ இடம் மாற்றவோ 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பொருளை எடுத்தால் என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் போட்டு, அதிகாரி கையெழுத்திட்ட நகலை உங்களுக்குத் தர வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால் மீன், காய், பழம் போன்று கெட்டுப்போகும் சரக்கை அன்றே திருப்பித் தர வேண்டும். தராசு, வண்டி போன்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். சான்றிதழ் வைத்திருப்பவர் அதில் சொன்னபடி வியாபாரம் செய்தால், போலீஸ் உட்பட யாரும் தடுக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது.

அந்த இடத்தில் நின்று சண்டை போட்டால் சரக்குதான் நாசமாகும். எடுக்கும்போதே செல்போனில் போட்டோ எடுங்கள். பட்டியலைக் கேளுங்கள். அன்றைக்கே ஆணையர் பெயருக்கு மனு எழுதி, நகலில் சீல் வாங்குங்கள். விற்பனைக் குழுவில் இருக்கும் வியாபாரிப் பிரதிநிதியையும் கூட்டிப் போங்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: எல்லா ரோடும் மாநகராட்சியுடையது கிடையாது. தேசிய நெடுஞ்சாலை ஓரம் என்றால் நெடுஞ்சாலைத் துறையும் நடுவில் வரும். விற்பனை செய்யக் கூடாத இடம் என்று அறிவித்த பகுதியில் நின்றால் சான்றிதழ் இருந்தும் பயன் குறைவு.

வீட்டுல இருந்தே நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு விக்கேன். இதுக்கு என்னென்ன பேப்பர் வேணும்?

சாப்பிடுகிற பொருள் என்றால் முதல் காகிதம் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு. வீட்டு அடுக்களையில் போட்டு நாலு கடைக்குக் கொடுத்தாலும், தட்டுக்கடையில் ரசவடை விற்றாலும் இது வேண்டும். சிறிய அளவில் செய்கிறவர்களுக்கு எளிய பதிவு போதும், பெரிய அளவு என்றால் உரிமம். பாக்கெட்டில் அடைத்து விற்கிறீர்கள் என்றால் தயாரித்த தேதி, எடை, விலை, பதிவெண், என்ன எண்ணெயில் போட்டது என்பதெல்லாம் அச்சில் இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் போட்டது என்று எழுதினால் தேங்காய் எண்ணெயில்தான் போட வேண்டும். சுவையிலேயே நம் ஊர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டாவது உத்யம் பதிவு. ஆதாரும் பான் கார்டும் போதும், சிறுதொழில் என்ற அடையாளம் கிடைக்கும். வங்கிக் கடனுக்கும் மானியத்துக்கும் பெரும்பாலும் இதைக் கேட்பார்கள். அரசுத் தளத்தில் இது முழுக்க இலவசம். அதே மாதிரித் தோற்றத்தில் தனியார் தளங்கள் ஆயிரக்கணக்கில் வாங்குகின்றன, ஏமாறாதீர்கள். ஜிஎஸ்டிக்கு இப்போதே பயப்பட வேண்டாம். பொருள் விற்பவர்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். வெளிமாநிலத்துக்கு, அதாவது களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்குச் சரக்கு அனுப்பினால் கணக்கு மாறும். எல்லையோரம் இருக்கிறவர்கள் முதல் லோடு அனுப்பும் முன்பே ஒரு வரி ஆலோசகரைக் கேட்டுவிடுங்கள்.

தொழில் வரி கட்டுகேன்லா, அதுதானே லைசென்ஸு?

இரண்டும் வேறு. தொழில் வரி என்பது சம்பாதிக்கிறவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை உள்ளாட்சிக்குக் கட்டும் வரி. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை இருந்தால் வரி இல்லை. எவ்வளவு சம்பாதித்தாலும் வருஷத்துக்கு 2,500-க்கு மேல் வாங்க முடியாது, அரசியலமைப்பிலேயே அந்த உச்சவரம்பு இருக்கிறது. தொழில் உரிமம் என்பது இந்தக் கட்டடத்தில் இந்தத் தொழிலை நடத்தலாம் என்ற அனுமதி. நிலையான கடை, ஹோட்டல், பட்டறை எல்லாவற்றுக்கும் அது தனியாக வேண்டும், காலம் முடியும் முன் புதுப்பிக்க வேண்டும்.

உரிமத்துக்கு வாடகை ஒப்பந்தமும் கட்டடத்தின் சொத்து வரி ரசீதும் கேட்பார்கள். கட்டட உரிமையாளர் வரி பாக்கி வைத்திருந்தால் உங்கள் விண்ணப்பம் இழுபடும். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

பஸ் ஸ்டாண்டுல கடை எடுக்கணும். எப்படி?

மாநகராட்சிக் கடைகள் பொது ஏலம் அல்லது டெண்டர் மூலம்தான் விடப்படும். அறிவிப்பு பத்திரிகையிலும் அலுவலகப் பலகையிலும் வரும். முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும், வரி பாக்கி இருக்கக் கூடாது. கன்னியாகுமரியில் சபரிமலை சீசன் கடைகளும் இப்படி ஏலத்தில்தான் போகின்றன. ஏலச் சூட்டில் கை தூக்கிக்கொண்டே போய், அப்புறம் மாத வாடகை கட்ட முடியாமல் கடையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு வரை போகலாம் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

ஏலம் எடுத்தவரிடம் உள்வாடகைக்கு எடுப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம். விதிப்படி அது செல்லாது. சீல் வைத்தால் உங்கள் சரக்கு உள்ளே மாட்டும், கேட்க உங்களிடம் காகிதம் இருக்காது.

தொழில் மையத்துல நிறைய திட்டம் சொல்லுதாவ. எனக்கு எது சரிவரும்?

மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: முதலீடு எவ்வளவு, தொழில் நடக்கும் இடம் ஊராட்சியா நகரமா, நீங்கள் சிறப்புப் பிரிவில் வருகிறீர்களா. பெண்கள், பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளிகள் எல்லாரும் சிறப்புப் பிரிவு. நம் மாவட்டத்தில் பெரும்பாலோர் இதற்குள் வந்துவிடுவார்கள். இவர்கள் சொந்தப் பங்காக 5 சதவீதம் போட்டால் போதும், பொதுப் பிரிவுக்கு 10.

அதிகம் பேருக்குப் பொருந்துவது இரண்டு. ஒன்று மாநில அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். எட்டாம் வகுப்பு படித்திருந்தால் போதும், 15 லட்சம் வரையான தொழில், 25 சதவீத மானியம், உச்சம் 3.75 லட்சம். இன்னொன்று மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை. மானியம் சிறப்புப் பிரிவுக்கு ஊரகத்தில் 35, நகரத்தில் 25. பொதுப் பிரிவுக்கு ஊரகத்தில் 25, நகரத்தில் 15 சதவீதம். 10 லட்சத்தில் மாவு மில் போடும் ஒரு பெண்ணுக்கு, மில் ஊராட்சியில் இருந்தால் மத்தியத் திட்டத்தில் 3.5 லட்சம் மானியம். அதே மில் நாகர்கோவிலுக்குள் என்றால் இந்த இரண்டில் எந்தத் திட்டத்தில் போனாலும் 2.5 லட்சம்தான். பொதுப் பிரிவு ஆண் நகரத்துக்குள் போடுகிறார் என்றால் மாநிலத் திட்டம்தான் லாபம்.

மற்றவை சுருக்கமாக. பெரிய முதலீட்டில் முதல் தலைமுறையாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு நீட்ஸ், 5 கோடி வரை. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், 35 சதவீத மானியம், கூடவே 6 சதவீத வட்டி மானியம். இதற்குத் தகுதி உள்ளவர்கள் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும், பலர் இது இருப்பதே தெரியாமல் வேறு திட்டத்தில் போய்விடுகிறார்கள். கைவினைத் தொழில் செய்கிறவர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம், 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம், உச்சம் 50,000 மானியம். வாழைக்காய், மரச்சீனி, தேன், கருப்பட்டி என்று உணவுப் பொருள் பதப்படுத்துகிறவர்களுக்குத் தனியாக 35 சதவீதம், 10 லட்சம் வரை மானியம் தரும் மத்தியத் திட்டம் உண்டு. மட்டிப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஊரில் இதை எடுக்க இன்னும் ஆள் வர வேண்டும்.

மானியம் கைக்கு எப்ப வரும்?

கைக்கு வராது. இதைத் தெரியாமல் கணக்குப் போட்டுத்தான் பலர் சிக்குகிறார்கள். மத்தியத் திட்டத்தில் வங்கி கடனைக் கொடுத்த பிறகு, மானியத் தொகை உங்கள் பெயரில் வங்கியிலேயே மூன்று வருஷம் வைப்பாக இருக்கும். அந்தத் தொகைக்கு உங்களிடம் வட்டி வாங்க மாட்டார்கள். தொழில் உண்மையிலேயே நடக்கிறது என்று நேரில் பார்த்த பிறகு அதைக் கடனில் கழிப்பார்கள். நடுவில் தொழிலை மூடினால் மானியம் திரும்பிப் போய்விடும், முழுக் கடனும் உங்கள் தலையில்.

ஆகவே மானியத்தை வைத்து வீட்டுச் செலவு, கல்யாணச் செலவு என்று திட்டம் போடாதீர்கள். மானியத்தில் பாதி எனக்கு என்று பேசுகிற புரோக்கர் உங்களிடம் ரொக்கமாக எதையோ வாங்கப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

பேங்குல வீட்டுப் பத்திரம் கேக்காவ. குடுக்கணுமா?

10 லட்சம் வரையான சிறுதொழில் கடனுக்குப் பிணைச்சொத்து கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் கடனுக்கு உத்தரவாத நிதியம் பொறுப்பேற்கும். முத்ரா கடனும் அப்படித்தான். இதை மேலாளரிடம் பணிவாகச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கேட்டவுடனேயே பேச்சு மாறியதை நிறைய முறை பார்த்தாயிற்று.

ஆனால் வங்கி தயங்குவதற்கு நம் பக்கத்துக் காரணமும் இருக்கும். பழைய நகைக்கடன் பாக்கி, யாருக்கோ ஜாமீன் போட்டது, பைக் தவணை தவறியது எல்லாம் சிபில் கணக்கில், அதாவது கடனை எப்படிக் கட்டினீர்கள் என்ற பதிவில், தெரியும். விண்ணப்பிக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் மனு கொடுக்கலாம். குமரி மாவட்டத்துக்கு முன்னோடி வங்கி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. வங்கியில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாகப் புகார் அனுப்பலாம்.

வீட்டுக்காரர் பேருல ஏற்கெனவே லோன் இருக்கு. என் பேருல போடலாமா?

பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கணவன் மனைவி சேர்த்து ஒரு குடும்பம், ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஏற்கெனவே வேறு அரசு மானியம் வாங்கிய தொழிலுக்கும் கிடையாது. ஸ்வநிதியில் பார்ப்பது யார் வியாபாரம் செய்கிறார் என்பதை. கடையில் உட்காருவது நீங்கள் என்றால் சான்றிதழும் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். காலையில் மீன் எடுப்பதும், வெயிலில் உட்கார்ந்து விற்பதும், கணக்குப் பார்ப்பதும் மனைவி. அட்டை மட்டும் கணவர் பெயரில். இப்படி நிறையப் பார்க்கிறேன். கணக்கெடுப்பு வரும்போது இதை மாற்றிக்கொள்ளுங்கள். மகளிர் குழுவில் இருந்தால் குழு மூலம் வரும் வங்கிக் கடன் தனி வழி, அதற்கு இந்தத் தடை இல்லை.

எம்ப்ளாய்மெண்ட் பதிவு இப்பவும் பிரயோசனம் உண்டா?

உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கும் இந்தப் பதிவுக்கும் சம்பந்தமில்லை, அதைத் தனியாக எழுத வேண்டும். பதிவைப் பார்த்து ஆள் எடுக்கும் அரசுப் பணியிடங்கள் இருப்பதால் பதிவு மூப்பை, அதாவது முன்னால் பதிந்தவர் என்ற வரிசையை, விட்டுவிடாதீர்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் 18 மாதச் சலுகை உண்டு, அதையும் விட்டால் பழைய மூப்பு போய்விடும். எல்லாம் ஆன்லைனில் செய்யலாம். செலவு இல்லை.

அந்த அலுவலகத்தில் பலர் பயன்படுத்தாமல் விடுவது தன்னார்வப் பயிலும் வட்டம். அரசுத் தேர்வுகளுக்கு இலவச வகுப்பும் புத்தகங்களும் உண்டு. தனியார் வேலை முகாம்களும் நடத்துகிறார்கள், கட்டணம் கிடையாது. அரசின் தனியார் வேலை இணையதளத்திலும் பெயரைப் பதிந்து வையுங்கள். படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்கு, நகர்ப்புற உள்ளாட்சிகள் கட்டியிருக்கும் அறிவுசார் மையங்கள் நல்ல இடம். வீட்டில் டிவி சத்தத்தில் படிப்பதைவிட எவ்வளவோ மேல்.

வேலை இல்லாதவங்களுக்கு மாசம் பணம் தராங்களாமே?

உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள், வயது 40-க்குள், பட்டியல் இனத்தவருக்கு 45. மூன்று வருஷம் கிடைக்கும். பொறியியல் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகை கூடுதல், பதிந்து ஒரு வருஷமானால் போதும். தொகை சின்னதுதான், ஆனாலும் தேர்வுக் கட்டணத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகும்.

தொழில் லோன் வாங்கினா வேலைப் பதிவு போயிருமா?

பதிவு போகாது, மூப்பும் அப்படியே இருக்கும். போவது மேலே சொன்ன உதவித்தொகை. சுயதொழில் செய்கிறவர் அதை வாங்கக் கூடாது, வாங்கினால் திருப்பிக் கேட்பார்கள். கடை தொடங்கிய மாதமே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மாநகராட்சியில வேலை வாங்கித் தாரேன், ரெண்டு லட்சம் குடுன்னு ஒருத்தர் சொல்லுதார். நம்பலாமா?

கூடாது. நிரந்தர வேலைக்குப் பொது அறிவிப்பும் தேர்வும் உண்டு. நடுவில் ஒருவர் பணம் வாங்கி நுழைக்கும் இடம் சட்டத்தில் இல்லை. கொடுத்தவர் புகார் சொல்லவும் பயப்படுவார் என்பதுதான் அவர்களுக்குத் தைரியம். ஒப்பந்ததாரர் மூலம் துப்புரவு, ஓட்டுநர் வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்த மாதமே பிஎஃப் கணக்கு எண்ணையும் இஎஸ்ஐ எண்ணையும் கேட்டு வாங்குங்கள். சம்பளத்தில் பிடித்தம் மட்டும் நடந்து கணக்கில் ஏறாமல் இருந்தால் செல்போனிலேயே தெரிந்துவிடும்.

கல்ஃபுக்கு ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேக்கார். நியாயமா?

பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம், ரசீதும் தர வேண்டும். அவருடைய பதிவெண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். பதிவில்லாதவர் என்றால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றால் சம்மதிக்க வேண்டாம்; அப்படிப் போனவர்கள் சம்பளமும் பாஸ்போர்ட்டும் இல்லாமல் நின்ற வீடுகள் நம் கடற்கரை ஊர்களில் இருக்கின்றன. சென்னையில் இருக்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது, அதன் அறிவிப்புகளைப் பாருங்கள்.

மனு குடுத்து மாசக்கணக்கா ஆச்சு, ஒரு பதிலும் இல்ல. இனி என்ன?

முதலில் ஒப்புகைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் மனு கொடுத்ததற்கே ஆதாரம் இல்லை, புதிதாக ஒன்று கொடுத்துச் சீல் வாங்குங்கள். சீட்டு இருந்தால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் அந்த எண்ணைக் குறிப்பிட்டு மனு போடுங்கள். 1100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் பதியலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். என் மனுவை ஏன் ஏற்கவில்லை என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலாகத்தான் பதில் வரும். இந்தத் தேதியில், இந்த எண்ணில் கொடுத்த மனு இன்றைய தேதியில் யாருடைய மேஜையில் இருக்கிறது, ஒவ்வொரு நாளும் அதன் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, அந்தக் கோப்பின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் ஒப்புகைச் சீட்டோடு கடைக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். இதற்கு நான் காசு வாங்குவதில்லை.